கூப்பிடு தூரம்

சென்ற வாரம் ஒரு நாள் மயிலாப்பூரிலிருந்து மண்ணூர்பேட்டைக்குப் போய் வந்தோம். இதை ஏதோ திக்விஜயம் போலச் சொல்லிக் கொள்கிறோமே என்று நேயர்கள் நகைக்க வேண்டாம். மாலை வேளையில் பாடியைத் தாண்டித் திருவள்ளூர் நெடுஞ்சாலையில் பஸ் ஊர்ந்து செல்லும் வைபவத்தை ஒரு முறையேனும் அநுபவித்தவர்களுக்கு அது திக்விஜயந்தான் என்பது தெரியும். நாம் பஸ்ஸை விட்டு இறங்கியபோது புறப்பட்டு ஒன்றரை மணிக்கு மேல் ஆகியிருந்தது.

நாம் பார்க்கச் சென்றவர் நம் பழைய சிநேகிதர். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் முப்பது வருஷம் நின்று உழைத்து ஓய்வு பெற்றவர். அவருடைய தகப்பனார் ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்தில் கடை வைத்திருந்தார். அந்தப் பழக்கத்தினால் அமைந்த சம்பந்தந்தான் சிநேகிதரின் சம்சாரம். சுன்னாகத்துப் பெண். 1979-ம் வருஷம் தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, ரயிலில் மணப்பெண்ணாகச் சென்னைக்கு வந்தவர். இத்தனை வருஷம் மண்ணூர்பேட்டைத் தண்ணீரைக் குடித்தும் அவர் பேச்சில் யாழ்ப்பாணத்து வாசனை முற்றிலும் போய்விடவில்லை.

பஸ் பிரயாணத்தைப் பற்றி நாம் அலுத்துக் கொண்டோம். அந்த அம்மாள் காப்பியை நம் முன் வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அண்ணா, நீங்கள் மயிலாப்பூரில இருந்து இஞ்ச வந்து சேர்ந்த நேரத்துக்கு, மீனம்பாக்கத்தில பிளேன் ஏறினவ பலாலியில இறங்கிப் பெட்டியையும் எடுத்திருப்பா!" என்றார்.

வேடிக்கைப் பேச்சுத்தான். ஆனால் கணக்குப் பார்த்தால் பிசகில்லை. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தை அடுத்த பலாலிக்கு ஆகாய மார்க்கம் சுமார் 350 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மதுரைக்கோ 400 கிலோமீட்டருக்கு மேல். அதாவது, பறவைகளின் பூகோளப்படி யாழ்ப்பாணம் மதுரையைவிட நமக்குச் சமீபம்! காற்றாடி வைத்த சிறிய விமானம் ஒன்றேகால் மணி நேரத்தில் கொண்டு சேர்த்துவிடும். நடுவிலே இருப்பது கொஞ்சம் கடல், கொஞ்சம் காகிதம். கடலைத் தாண்டுவது எக்காலத்திலும் சுலபமாகவே இருந்து வந்திருக்கிறது.

1914-ம் வருஷம் பாம்பன் பாலம் திறந்த பிறகு, எழும்பூரில் 'போட் மெயில்' ஏறினவர்கள் தநுஷ்கோடியில் இறங்கி, ஸ்டீமரில் தலைமன்னார் சென்று, அங்கே மறுபடியும் ரயிலேறிக் கொழும்பு போய்ச் சேர்ந்தார்கள். ஒரே டிக்கட். ஆனால் அந்தக் காலத்திலும் எல்லோருக்கும் கதவு ஒரே மாதிரி திறந்துவிடவில்லை. தேயிலைத் தோட்டங்களுக்குப் போன ஏழைக் கூலியாட்களை இலங்கை சர்க்கார் மண்டபத்தில் ஒரு முகாம் வைத்து நிறுத்திக் கொண்டது. காலரா, பிளேக், அம்மை இவை இல்லை என்று நிச்சயமான பிறகே அவர்கள் ஸ்டீமரைக் கண்ணால் பார்க்கலாம். 'குவாரண்டைன்' என்ற சொல் நமக்கு ஏதோ 2020-ல் வந்து சேர்ந்த புதுச் சரக்கு என்று நினைப்பவர்கள் மண்டபத்துப் பெரியவர்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

இன்னொரு விஷயம் பலருக்கு ஆச்சரியமாயிருக்கும். 1947-ம் வருஷம் டிசம்பரில் 'ஏர் சிலோன்' கம்பெனி தொடங்கியபோது, அதன் முதல் விமானம் எங்கே போயிற்று தெரியுமா? லண்டனுக்கு அல்ல. கொழும்பை அடுத்த ரத்மலானையிலிருந்து கிளம்பி, காங்கேசன்துறை என்று அப்போது வழங்கிய இந்தப் பலாலியில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்கு வந்தது. யுத்த காலத்தில் பிரிட்டிஷ் விமானப் படை போட்ட ஓடுபாதை. யுத்தத்தில் உழைத்து ஓய்ந்த ரகத்தைச் சேர்ந்த டகோட்டா விமானம். அதற்குச் 'சீதா தேவி' என்று நாமகரணம்! சீதையின் பெயரைத் தாங்கிய விமானம் இலங்கையிலிருந்து இந்தக் கரைக்கு வந்ததைப் பற்றி அந்தக் காலத்து ஹாஸ்ய ஆசிரியர்கள் ஏதும் எழுதாமல் விட்டிருப்பார்கள் என்று நாம் நம்பவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகக் கதவுகள் மூடின. 1948-ல் இலங்கை சர்க்கார் குடிவரவு, குடியகல்வுச் சட்டம் செய்து, அதுவரை இல்லாதிருந்த பாஸ்போர்ட்டையும் விசாவையும் கொண்டுவந்தது. 1964 டிசம்பரில் புயல் தநுஷ்கோடியையே வாரிக்கொண்டு போயிற்று. ஸ்டீமர் இராமேசுவரத்துக்கு இடம் மாறி ஓடிற்று. உள்நாட்டுப் போர் மூண்ட பிறகு 1984-ல் அதுவும் நின்றது. பலாலி விமானத் தளம் பட்டாளத்தின் வேலிக்குள் போய்விட்டது. அந்த முப்பத்தைந்து வருஷங்களில் மண்ணூர்பேட்டை அம்மாள் தம் தமக்கையைப் பார்க்க வேண்டுமானால், சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் தலைக்கு மேலாகவே கொழும்புக்குப் பறந்து, அங்கிருந்து சாலை வழியாக 400 கிலோமீட்டர் வடக்கே திரும்பி வர வேண்டும். அதுவும் சாலை திறந்திருந்த காலங்களில். மாம்பலத்துக்குப் போக வேண்டியவன் செங்கற்பட்டில் இறங்கித் திரும்பி நடந்த கதைதான்.

இந்த நிலையில் 2019 அக்டோபர் 17-ந் தேதி பலாலி மறுபடி திறக்கப்பட்டு, 'யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்' என்ற பெயரையும் பெற்றது. நவம்பர் 11-ந் தேதி முதல் 'அலையன்ஸ் ஏர்' கம்பெனியின் சிறிய விமானம் வாரம் மூன்று தடவை சென்னைக்கும் பலாலிக்கும் போய்வரத் தொடங்கிற்று. எழுபது பேர் உட்காரக்கூடிய ஏ.டி.ஆர். ரகம். இரண்டு பக்கமும் காற்றாடி சுழலும். ஓடுபாதை குட்டையாதலால் பெரிய ஜெட் விமானங்களுக்கு அங்கே வேலையில்லை. இந்தக் காற்றாடி விமானத்தில் யார் போனார்கள் என்று நேயர்கள் ஊகித்துக் கொள்ளலாம். சென்னை ஆஸ்பத்திரிகளுக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள், தியாகராய நகரில் கூறைப் புடவை எடுக்க வருகிறவர்கள், சிதம்பரத்துக்கு வருகிறவர்கள், இங்கிருந்து நல்லூர்க் கந்தனைத் தரிசிக்கப் போகிறவர்கள், அப்புறம் நம் மண்ணூர்பேட்டைத் தம்பதிகள்.

2020-ம் வருஷம் தைப் பொங்கல் கழிந்து இவர்கள் இருவரும் புறப்பட்டார்கள். இருட்டோடு எழுந்து மதுரவாயல், போரூர் வழியாக மீனம்பாக்கம். காலைப் பலகாரம் மண்ணூர்பேட்டையில். மத்தியானச் சாப்பாடு சுன்னாகத்தில், தமக்கையின் கையால். "எங்கட ஐயா இருந்த காலத்திலகூட இப்பிடி நடக்கேல்லை" என்று தமக்கையார் திரும்பத் திரும்பச் சொன்னாராம். பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்பும்போது, சித்திரை வருஷப் பிறப்புக்கு மறுபடி வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்கள். அந்தப் பிரயாணத்தின் போர்டிங் பாஸை இன்னமும் பழைய டைரி ஒன்றில் வைத்திருக்கிறார் அம்மாள். நமக்கும் எடுத்துக் காட்டினார். மை மங்கி எழுத்துப் பாதி அழிந்துவிட்டது.

சித்திரை வந்தது. விமானம் வரவில்லை. 2020 மார்ச் 13-ந் தேதியோடு இந்திய சர்க்கார் பெரும்பாலான விசாக்களை நிறுத்தி வைத்தது. 23-ந் தேதியோடு வெளிநாட்டு விமானங்கள் நின்றன. 25-ந் தேதியோடு உள்நாட்டு விமானங்களும் நின்றன. இலங்கையும் அதே மாதத்தில் தன் கதவைச் சாத்திக்கொண்டது.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். கதவைச் சாத்தியதைப் பற்றி நாம் குறை கூற வரவில்லை. வியாதி மெய். மரணமும் மெய். நோய் இன்னதென்றே பிடிபடாதிருந்த அந்த முதல் மாதங்களில் எந்த சர்க்காரும் அதைத்தான் செய்திருக்கும். செய்யாத சர்க்காரை ஜனங்களே தூற்றியிருப்பார்கள். மே மாதத்தில் மத்திய சர்க்கார் உள்நாட்டு விமானங்களை மறுபடி விடுகிறோம் என்று அறிவித்தபோது, சென்னையில் நோய் உச்சத்தை நோக்கி ஏறிக் கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கலாகாதா என்று தமிழ்நாடு சர்க்கார் கேட்டதும் நியாயந்தான். கடைசியில், சென்னைக்கு நாள் ஒன்றுக்கு 25 விமானங்கள் வரலாம் என்று முடிவாகி, மே 25-ந் தேதி தொடங்கிற்று. வந்திறங்கினவர்கள் கையில் முத்திரை குத்தி, பதினாலு நாள் வீட்டிலே இருக்கச் சொன்னார்கள்.

உள்ளூர்க்காரர்களுக்கு 'இ-பாஸ்' என்ற திருநாமம் பெற்ற சீட்டு ஒன்று ஏற்பட்டது. ஜில்லாவுக்கு ஜில்லா போக அது வேண்டும். கலியாணம், நெருங்கிய உறவினர் சாவு, அவசர வைத்தியம், ஊர் திரும்ப முடியாமல் சிக்கிக்கொண்டது ஆகிய காரணங்களுக்கு மட்டும் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் அத்தாட்சி காட்ட வேண்டும். சாவுக்கு அத்தாட்சி ஊரில் இருக்கிறது. அதை வாங்க ஊருக்குப் போக வேண்டும். ஊருக்குப் போக பாஸ் வேண்டும். பாஸுக்கு அத்தாட்சி வேண்டும். மண்ணூர்பேட்டை டீக்கடையில் இது அப்போது பெரிய தமாஷாக இருந்ததாம். சாவு யாருடையது என்பதைப் பொறுத்தே தமாஷ். ஆகஸ்டு 17-ந் தேதி முதல் கேட்டவர்களுக்கெல்லாம் பாஸ் உண்டென்று சொல்லி, செப்டம்பர் 1-ந் தேதியோடு மாநிலத்துக்குள் அந்தச் சீட்டையே எடுத்துவிட்டார்கள்.

ஆக, மூடிய கதவுகளைத் திறக்க ஆரம்பித்தார்கள். நாம் சொல்ல வந்த விஷயம் இங்கேதான் இருக்கிறது. மூடும்போது ஒரே மாதத்தில் எல்லாக் கதவுகளும் மூடின; பேதமே இல்லை. திறக்கும்போது பெரிய கதவு முதலில் திறந்தது. சின்னக் கதவு கடைசியில் திறந்தது. சில கதவுகள் திறக்க மறந்தே போயின.

தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். உள்நாட்டு விமானக் கம்பெனிகள் முதலில் வழக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் பறக்கலாம் என்றார்கள். அது 45 சதவிகிதமாகி, 60, 70, 80 என்று உயர்ந்து, இரண்டாவது அலையில் மறுபடி 50-க்கு இறங்கி, 2021 அக்டோபர் 18-ந் தேதி முழு அளவுக்கு வந்தது. கொழும்பை அடுத்த கட்டுநாயக்க விமான நிலையம் 2021 ஜனவரியிலேயே உல்லாசப் பிரயாணிகளுக்குத் திறந்துவிட்டது. வெளிநாட்டுக்குப் போகும் ஒழுங்கான விமானங்களின் மீதிருந்த தடையை இந்திய சர்க்கார் 2022 மார்ச் 27-ந் தேதி நீக்கிற்று. அதன் பிறகு சென்னையிலிருந்து துபாய்க்குப் போகலாம், சிங்கப்பூருக்குப் போகலாம், கொழும்புக்குப் போகலாம். கூப்பிடு தூரத்திலிருந்த பலாலிக்கு மட்டும் போக முடியாது. அந்த விமானம் மறுபடி புறப்பட்டது 2022 டிசம்பர் 12-ந் தேதி. இந்தியாவில் தடை நீங்கி எட்டு மாதத்துக்கு மேல். முதலில் நின்று இரண்டே முக்கால் வருஷம்.

ஏன் இப்படி? யாரும் சதி செய்யவில்லை. சூழ்ச்சி என்றால் கண்டுபிடித்துத் திட்டியாவது திருப்தியடையலாம். சிறிய வழியின் சுபாவமே அது. எழுபது பேர் ஏறும் விமானத்தில் நாற்பது பேர் ஏறினால் கம்பெனிக்குக் கையைக் கடிக்கும். வழி நின்ற நாளிலேயே அந்த விமானத்தை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், விமானி போய்விடுவான், குடிவரவு அதிகாரியும் சுங்க அதிகாரியும் மாற்றலாகி விடுவார்கள். துபாய் வழி நின்றால் மறுநாளே ஆயிரம் பேர் கூச்சல் போடுவார்கள். மந்திரிகள் காதில் விழும். சுன்னாகத்து வழி நின்றால் யார் கூச்சல் போடுவது? அப்புறம் தடை நீங்கியது என்று காகிதத்தில் எழுதினால் மட்டும் விமானம் வந்துவிடுமா? தடையுத்தரவு ஒரு மரத்தை வெட்டுவது போன்றது. வெட்டுவதற்கு ஒரு நாள் போதும். உத்தரவை ரத்து செய்வதால் மரம் எழுந்து நிற்பதில்லை. இதற்குமேல் 2022-ல் இலங்கையில் டாலருக்கும் பெட்ரோலுக்கும் ஏற்பட்ட பஞ்சம் வேறு சேர்ந்துகொண்டது.

கடல் தாண்டித்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். நம் சேலத்தையே பாருங்கள். சிற்றூர்களுக்கும் விமானம் விடுவதற்காக மத்திய சர்க்கார் வகுத்த 'உடான்' திட்டத்தில், 2018 மார்ச் 25-ந் தேதி சென்னைக்கும் சேலத்துக்கும் ஓர் ஏ.டி.ஆர். விமானம் ஓட ஆரம்பித்தது. பாதி ஆசனங்களுக்குக் கட்டண வரம்பு. அதனால் வரும் நஷ்டத்துக்கு மூன்று வருஷம் மானியம் என்பது ஏற்பாடு. ஒரு புதிய வழி ஜனங்களுக்குப் பழக்கமாவதற்கு மூன்று வருஷம் கொடுத்தார்கள். அதில் மூன்றாவது வருஷத்தைக் கொரோனா விழுங்கிற்று. 2021-ல் அந்த விமானம் நின்றது. மீண்டும் சேலத்துக்கு விமானம் வந்தது 2023 அக்டோபரில். நடுவே இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடுபாதை காமலாபுரத்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. சென்னை விமான நிலையமும் அடி வாங்காமலில்லை. 2019-20-ல் 2 கோடி 20 லட்சம் பிரயாணிகளுக்கு மேல் கண்ட இடம், அடுத்த வருஷம் சுமார் 55 லட்சம் பேரைக் கண்டது. ஆனால் அது யானை, படுத்தாலும் எழுந்துவிட்டது. நாம் கவலைப்படுவது ஆட்டுக்குட்டிகளைப் பற்றி.

ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை நம்பிப் பிழைக்கிறவர்கள் கதை தனி. இலங்கைக்கு 2018-ல் வந்த வெளிநாட்டுப் பிரயாணிகள் 23 லட்சம் பேர். 2021-ல் வந்தவர்கள் 1 லட்சத்து 94 ஆயிரம். இந்தியர்களே அங்கு போகிறவர்களில் எப்போதும் முதல் வரிசை. கொழும்பிலும் காலியிலும் பெரிய ஹோட்டல்காரர்கள் பாங்கிக் கடனைத் தள்ளிப் போட்டுச் சமாளித்திருக்கலாம். யாழ்ப்பாணத்தில் இந்திய விமானம் வருகிறது என்று நம்பி வீட்டு மாடியில் இரண்டு அறை கட்டி, ஏ.ஸி. மாட்டி வைத்தவர் என்ன செய்வார்? நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள். 2020-ல் ஒரு திருவிழா, 2021-ல் ஒன்று, 2022-ல் ஒன்று. மூன்று திருவிழாக்களுக்கும் சென்னை விமானம் இல்லை. வழி திறந்து நாலே மாதத்தில் மூடிவிட்டதால், அந்த மனிதருக்குப் போட்ட பணத்துக்கு வட்டிகூட வந்திராது.

இனி, மண்ணூர்பேட்டைக்குத் திரும்புவோம். சிநேகிதர் இந்தப் பகுதியைத் தாமே சொன்னார். அம்மாள் அடுக்களைக்குள் போய்விட்டார்.

2021-ம் வருஷம் வைகாசி. தமிழ்நாட்டில் மே 10-ந் தேதி முதல் முழு ஊரடங்கு. இந்தியாவிலிருந்து வருகிறவர்களை இலங்கை அந்த மாதம் 6-ந் தேதியிலிருந்தே அநுமதிக்கவில்லை. சுன்னாகத்தில் தமக்கையார் காலமானார். வயது எழுபத்தெட்டு, வேறு வியாதி. பிள்ளைகள் கனடாவில், அவர்களும் வர முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நிற்க, மண்ணூர்பேட்டையில் இவர்கள் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். பையனுக்குக் கை வலித்திருக்கும் போலிருக்கிறது. படம் அடிக்கடி கீழே இறங்கி வாசல் மணலைக் காட்டிற்றாம்.

"மூணு நாள் சாப்பிடலை. 'கூப்பிடு தூரத்தில அக்கா, போக ஏலாது' என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்" என்றார் சிநேகிதர்.

அந்த வைகாசியில் விமானம் இருந்திருந்தாலும் போயிருக்க முடியாது என்பது வாஸ்தவம். அம்மாளே அதை ஒப்புக் கொள்கிறார். அவருடைய மனக்குறை வேறு. 2021-ம் வருஷம் தொடக்கத்தில், முதல் அலை ஓய்ந்து இரண்டாவது அலை எழுவதற்குமுன், சில மாத இடைவெளி இருந்தது. பல தேசங்களோடு இந்தியா தனித்தனியே ஒப்பந்தம் செய்து விமானம் விட்டுக்கொண்டிருந்த காலம் அது. தமக்கையார் அப்போது நோயில் விழுந்துவிட்டார். பலாலி எப்போது திறக்கும் என்று எவரைக் கேட்டாலும் பதில் இல்லை. 'அடுத்த மாதம்' என்று ஒரு வதந்தி. 'இன்னும் ஒரு வருஷம்' என்று ஒரு வதந்தி. திறக்காது என்று நிச்சயமாகத் தெரிந்திருந்தால், கொழும்பு வழியாக எப்படியாவது போக ஏதாவது வழி உண்டா என்றாவது முயன்று பார்த்திருப்பார்களாம். தேதி தெரியாமல் காத்திருந்தே அந்த மாதங்கள் கழிந்தன.

எல்லாக் கட்டுப்பாட்டையும் நாம் வெறுக்கிறவர்கள் அல்ல. சென்னை ஹைகோர்ட்டு உத்தரவின்மேல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7-ந் தேதி முதல் இ-பாஸ் ஏற்பட்டது. 2025 ஏப்ரலில் அதற்கு எண்ணிக்கையும் வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உதகை ஹோட்டல்காரர்களும் டாக்ஸிக்காரர்களும் கோபித்துக்கொண்டார்கள், கடையடைப்பு நடத்தினார்கள். அவர்கள் கஷ்டம் அவர்களுக்கு. ஆனால் மலை தாங்குகிற அளவுக்குத்தான் ஏற்றலாம் என்பது மாட்டு வண்டிக்காரனுக்கும் தெரிந்த நீதி. காரணம் வெளிப்படை, எண் வெளிப்படை, உத்தரவைக் கோர்ட்டில் எதிர்த்து வாதாட இடமும் உண்டு. கட்டுப்பாடு என்றால் இப்படியாவது முகம் காட்டி நிற்க வேண்டும். பலாலியைக் கட்டிப் போட்டது எது என்று கேட்டால், ஒரு தேசத்து உத்தரவா, இரண்டு தேசத்து உத்தரவா, கம்பெனியின் கணக்கா, பெட்ரோலா, ஒருவரும் எழுந்து நின்று 'நான்தான்' என்று சொல்லவில்லை.

சர்க்கார்களுக்கு நாம் யோசனை சொன்னால் கேட்டுக்கொள்ளப் போவதில்லை. ஆனாலும் பத்திரிகைக்காரனின் வழக்கத்தை விட முடியுமா? பிரயாணத் தடை விதிக்கும் உத்தரவிலேயே, இன்ன தேதியில் இதை மறுபடி பரிசீலிப்போம் என்று வழிவாரியாக எழுதட்டும். சென்னை-டில்லிக்கு ஒரு வரி எழுதினால் சென்னை-பலாலிக்கும், சென்னை-சேலத்துக்கும் ஒரு வரி எழுதட்டும். திறப்பதற்கில்லை என்றால் 'இல்லை' என்று எழுதட்டும். ஜனங்கள் வேறு வழி பார்த்துக்கொள்வார்கள். இரண்டாவது, தடைக் காலத்தை மானியக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நஷ்டம் என்றால், கிராமத்துக்குப் போகிற டவுன் பஸ்ஸும் நஷ்டத்தில்தான் ஓடுகிறது. அதை நிறுத்தினால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நடக்க வேண்டும் என்பதால் சர்க்கார் ஓட்டுகிறது. காற்றாடி விமானமும் கடல் மேல் ஓடும் ஒரு டவுன் பஸ் என்று நினைத்துக்கொண்டால் போயிற்று. இதற்கெல்லாம் பணம் எங்கே என்று நிதி மந்திரி கேட்பார். நமக்குத் தெரியாது. ஆனால் ஒரு விமான நிலையத்தைத் திறக்கப் பணம் இருந்ததல்லவா?

ஜனங்கள் ஏறமாட்டார்கள் என்கிற வாதத்தைப் பின்னால் நடந்ததே பொய்யாக்கிவிட்டது. வழி திறந்த பிறகு, 2024 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து 'இண்டிகோ' கம்பெனியும் சென்னையிலிருந்து பலாலிக்கு விமானம் விட்டது. 2025 மார்ச் இறுதியில் திருச்சியிலிருந்தும் தொடங்கிற்று. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14-ந் தேதி கப்பல் புறப்பட்டு, ஒரு வாரத்துக்குள் வடகிழக்குப் பருவக் காற்றுக்கு அஞ்சி நின்று, 2024 ஆகஸ்டு 16-ந் தேதி மறுபடி தொடங்கியதும் நேயர்களுக்கு நினைவிருக்கும். 1984-க்குப் பிறகு இத்தனை வழிகள் திறந்ததை இந்தத் தலைமுறை பார்த்ததில்லை.

மண்ணூர்பேட்டைத் தம்பதிகள் 2023 ஜனவரியில் போனார்கள். அதே மாதிரி விமானம். அதே ஒன்றேகால் மணி. மத்தியானத்துக்குள் சுன்னாகம். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்தார். உள்ளே, தமக்கையார் படுத்திருந்த அறைக்கு எதிர் அறையில், கட்டிலின்மேல் புதுத் தலையணை இரண்டு, உறை மாற்றாமல் பிளாஸ்டிக் பைக்குள் அப்படியே இருந்தனவாம். 2020-ம் வருஷம் சித்திரைக்கு வருவதாகச் சொன்னவர்களுக்காக வாங்கி வைத்தது.

"அதில தலை வைச்சுப் படுத்தனீங்களோ?" என்று தெரிந்தவர்கள் கேட்டார்களாம். "பின்ன? அக்கா வாங்கி வைச்சதெல்லோ!" என்றார் அம்மாள், அடுக்களையிலிருந்து ஒரு பொட்டலத்தோடு திரும்பி வந்தவாறே.

பொட்டலத்தில் இருந்தது புளுக்கொடியல். பனங்கிழங்கை அவித்து, கீறி, காய வைத்தது. முந்தின வாரந்தான் யாரோ விமானத்தில் கொண்டுவந்து கொடுத்தார்களாம். கூடவே தேங்காய்ச் சொட்டும் இரண்டு வைத்துக் கட்டியிருந்தார். நாம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டோம். அதை மெல்லுவதற்கு யாழ்ப்பாணத்துப் பல் வேண்டும் போலிருக்கிறது. பஸ் பாடியைத் தாண்டியபோதும் அந்த முதல் துண்டு கரையவில்லை.